காய்ச்சலில் ஆடுகிறவன்

நீங்கள் அந்த வீடியோ விளையாட்டை ஆடியதில்லை என்கிறீர்கள். பரவாயில்லை, மேடம். என் அம்மாவும் ஆடியதில்லை. கடைசிவரை அதைப் 'பூச்சிச் சண்டை' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். சாப்பாடு ஆறுகிறது, பூச்சிச் சண்டையை மூடிவைத்துவிட்டு வா என்பாள். அது பூச்சி இல்லை, பிராணி என்று நானும் சலிக்காமல் திருத்துவேன். அவள் போய்ச் சேர்ந்தபிறகு திருத்துவதற்கு ஆள் இல்லாமல் நானே சில சமயம் பூச்சிச் சண்டை என்று சொல்லிவிடுவேன்.

நடந்ததைச் சொல்ல வேண்டுமென்றால் பிறவிக்குணத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். சுற்றி வளைக்கிறேன் என்று நினைக்காதீர்கள். அது புரியாமல் நான் செய்தது உங்களுக்குப் புரியாது.

அந்த விளையாட்டில் ஒவ்வொரு பிராணிக்கும் சில வித்தைகள் கற்றுக்கொடுக்கலாம். நெருப்பு உமிழ்வது, வாலால் அடிப்பது, எதிரியை உறங்கவைப்பது, இப்படி. வேண்டாததை மறக்கவைத்து வேறொன்றைப் புகட்டலாம். பிறவிக்குணம் அப்படியில்லை. அது முட்டையிலேயே வந்துவிடுகிறது. நாம் ஆணையிட வேண்டியதில்லை, வேளை வந்தால் தானாக வேலை செய்யும். ஒரு பிராணி களத்தில் இறங்கி முறைத்தாலே எதிரியின் அடி பலமிழக்கும். இன்னொன்றின் மேல் தண்ணீரைப் பீய்ச்சினால் அதற்குக் காயம் படாது, குடித்துத் தெம்பாகிவிடும். சிலவற்றுக்குக் குணமே சாபம். மலைமந்தன் என்று ஒன்று உண்டு. பார்க்கக் குன்று மாதிரி இருக்கும், எதையும் ஒரே அடியில் சாய்க்கும். ஆனால் அதன் குணம் சோம்பல். ஒருமுறை அடித்தால் அடுத்த முறை சும்மா உட்கார்ந்து காதைக் குடையும். அவ்வளவு பலத்தைக் கொடுத்தவர்கள் அதற்குப் போட்ட கடிவாளம் அது. விளையாட்டு தெரிந்திருந்தால் அம்மா எங்கள் அப்பாவுக்கு அந்தப் பெயரையே வைத்திருப்பாள். வேறு குடும்பம் தேடிப் போனதுதான் அவர் வாழ்க்கையில் சுறுசுறுப்பாகச் செய்த ஒரே காரியம்.

இன்னொரு குணம் இருக்கிறது. நோய்ச்சீற்றம். சாம்பல்வாலன் என்கிற பிராணிக்கு அது உண்டு. நல்ல உடம்போடு இருக்கும்போது அது சாதாரணம், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். விஷம் ஏறினாலோ தீக்காயம் பட்டாலோ அதன் அடி இடி மாதிரி இறங்கும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் என்ன செய்வோம் தெரியுமா? எதிரி காயப்படுத்தட்டும் என்று காத்திருக்கமாட்டோம். நாமே அதன் கையில் ஒரு கனல்துண்டைக் கொடுத்து அனுப்புவோம். இறங்கியதும் அது தன்னைத்தானே சுட்டுக்கொள்ளும். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் உயிர் குறையும். குறைவதற்குள் ஆட்டத்தை முடித்துவிட வேண்டும். அரங்கில் யாராவது இதைச் செய்தால் கூட்டம் கைதட்டும். நன்றாக யோசித்திருக்கிறான் என்று வர்ணனையில் சொல்வார்கள். இதுவரை யாரும் யாரையும் பிடித்து விசாரித்ததாக எனக்குத் தெரியவில்லை.

இந்தக் குணங்கள் எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். தம்பி பால்பல் விழாத வயதில் என் தோளில் தொங்கிக்கொண்டு திரையைப் பார்ப்பான். நான்தான் அந்த வீட்டில் ஆடுகிறவள். போட்டிகளுக்கும் போயிருக்கிறேன். மேடையில் விளக்கு வெளிச்சம் மேலே விழுந்ததும் என் கை நடுங்கும். எந்தப் பொத்தான் என்று மனதுக்குத் தெரியும், விரல் போய்ச் சேராது. அதற்குள் நேரம் முடிந்துவிடும். என்னைவிடப் பாதி தெரிந்தவர்கள் என்னைத் தோற்கடித்துவிட்டு ஆறுதல் வேறு சொல்லிவிட்டுப் போனார்கள். அதோடு விட்டுவிட்டேன். உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. ஓட்டல், பேக்கரி, பள்ளிக்கூட உணவகம் என்று எல்லா இடத்திலிருந்தும் மாதிரிகள் வரும். கெட்டுப்போனதா, அதில் என்ன வளர்கிறது என்று தட்டில் போட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். அமைதியான வேலை. அங்கே யாரும் கைதட்டமாட்டார்கள், யாரும் பார்க்கவும் மாட்டார்கள்.

அம்மா போனபோது தம்பி பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். நான்தான் வளர்த்தேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. என்னைப் பெண்பார்க்க வந்தவர்கள் அவனையும் பார்த்தார்கள், பிறகு வரவில்லை. அவ்வளவுதான்.

அவனுக்கு நல்ல விரல்கள். நடுக்கமே கிடையாது. என் தலையில் இருந்தது அவன் விரலில் இறங்கிவிட்டால் போதும் என்று நினைத்தேன். தினமும் சாப்பாட்டு மேசையில் உட்கார்த்திவைத்துக் குணங்களை ஒப்பிக்கச் சொல்வேன். ஒப்பித்துவிடுவான். வீட்டில் என்னையே தோற்கடிப்பான். ஆனால் போட்டிக்குப் போனால் வாய் ஓயாது. எதிரே உட்கார்ந்திருப்பவனிடம் சிரித்துப் பேசுவான், கூட்டத்துக்குக் கையாட்டுவான், வேடிக்கைக்காக ஒரு தப்பான ஆட்டம் ஆடுவான், தோற்பான். தோற்றுவிட்டு வந்து, "நல்லா இருந்துச்சுல்லக்கா?" என்பான். எனக்கு உள்ளே எரியும். அத்தனையும் இருந்து ஒருவனுக்கு அது தேவைப்படவில்லை என்றால் அதைவிட வயிற்றெரிச்சல் வேறு என்ன இருக்கிறது?

பிறகு ஒரு போட்டிக்கு முந்தின நாள் அவனுக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்தது. நான் எதுவும் செய்யவில்லை, மேடம், அது அந்தப் பருவத்தில் ஊருக்கே வந்த காய்ச்சல். போக வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். "உக்காந்து ஆடுற ஆட்டம்தானேக்கா, ஓடவா போறேன்?" என்றான். வீட்டிலிருந்த பழைய கம்பளியைப் போர்த்தி அழைத்துக்கொண்டு போனேன்.

அன்று அவன் யாரோடும் பேசவில்லை. சிரிக்கவில்லை. கண் இரண்டும் பளபளவென்று இருந்தன. விரல் மட்டும் அசைந்தது. நான் சொல்லிக்கொடுத்த எல்லாம் ஒன்றுவிடாமல் வெளியே வந்தது. முடிந்து எழுந்தவன் நேராக வந்து என் தோளில் சாய்ந்துகொண்டான். உடம்பு அனலாகக் கொதித்தது. கோப்பையை யாரோ என் கையில் கொடுத்தார்கள்.

அடுத்த போட்டிக்கு நல்ல உடம்போடு போனான். முதல் சுற்றிலேயே, பக்கத்து நாற்காலிக்காரனுக்கு ஜோக் சொல்லிக்கொண்டே தோற்றான்.

உங்களுக்கே இப்போது புரிந்திருக்கும். எனக்கு அன்று வீட்டுக்குத் திரும்பும் பேருந்திலேயே புரிந்துவிட்டது. அவனுடைய பிறவிக்குணம் என்ன என்று இத்தனை வருடம் கூடவே இருந்தும் நான் கவனிக்கவில்லை.

என்ன கொடுத்தேன், எவ்வளவு கொடுத்தேன் என்பதை உங்கள் மருத்துவரிடம் விவரமாகச் சொல்லிவிட்டேன், இங்கே மறுபடி வேண்டாம். வேலை செய்யும் இடத்திலிருந்து கொண்டுவந்தேன். சூப்பில் கலந்தேன். காளான் சூப் என்றால் அவனுக்கு உயிர். கண்டபடி செய்யவில்லை. எந்தக் காய்ச்சல் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்பதைத் தெரிந்துகொண்டுதான் செய்தேன். முதல் தடவை கொடுப்பதற்கு முன்னால் நானே கொஞ்சம் குடித்துப் பார்த்தேன். அதை நீங்கள் எழுதிக்கொள்ளவில்லை போலிருக்கிறது. எழுதிக்கொண்டால் நல்லது.

அவன் ஜெயித்தான். அதற்கடுத்ததிலும் ஜெயித்தான். எப்போதும் போர்த்திக்கொண்டே மேடையேறியதால் அவனுக்குக் 'கம்பளி' என்று பெயர் வந்தது. அரங்கில் கம்பளி, கம்பளி என்று கத்துவார்கள். அவனைப் பார்த்து, உடம்பு நன்றாக இருக்கும் பையன்களும் போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். எனக்குச் சிரிப்பாக இருக்கும். சாம்பல் பூசிக்கொண்டால் எல்லாரும் சாம்பல்வாலன் ஆகிவிட முடியுமா?

ஒவ்வொரு போட்டிக்குப் பிறகும் சில நாட்கள் படுத்துக்கிடப்பான். நான் லீவு போடுவேன். அந்த நாட்களில் அவன் சின்னப் பிள்ளை மாதிரி ஆகிவிடுவான். தலையை என் மடியில் வைத்துக்கொள்வான். விளக்கை அணைக்காதே என்பான். நான் தண்ணீர் எடுக்க அடுக்களைக்குப் போனால்கூட, "எங்கக்கா போற?" என்று குரல் வரும். அம்மா இருந்திருந்தால் அவளைக் கேட்டிருப்பான் என்று நினைத்துக்கொள்வேன். இது ஒரு உபரி விளைவு, அவ்வளவுதான். இதற்காக நான் எதையும் செய்யவில்லை.

மருத்துவரிடமும் நானே அழைத்துப் போனேன். பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி குறைவு போலிருக்கிறது என்றார் அவர். பிறவி என்ற வார்த்தையை அவர்தான் முதலில் சொன்னார், நான் இல்லை. இப்படி ஒரு அக்கா கிடைக்க அவன் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். தம்பி மெலிந்துகொண்டே வந்தான். மோதிரம் விரலில் நிற்கவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் உயிர் குறையும் என்று முன்பே சொன்னேன் அல்லவா? அந்தக் கணக்கு எனக்குத் தெரியாமலில்லை. உச்சத்துக்குப் போனதும் நிறுத்திவிடுவதாக இருந்தேன்.

இந்த இடத்தில்தான் வர்ணனை செய்யும் பெண் வந்தாள். போட்டிகளை ஒலிபெருக்கியில் விவரிக்கிறவள். வாயாடி, ஆனால் ஆட்டம் தெரிந்த வாயாடி. பேட்டி எடுக்க வீட்டுக்கு வந்தவள் பேட்டி முடிந்தபிறகும் வந்தாள். தம்பி அவளுக்கு ஜோக் சொல்வான், அவள் சிரிப்பாள். என் அடுக்களைக்குள் வந்து டம்ளரைத் தானே எடுத்துக் கழுவி வைப்பாள். எனக்கு ஒத்தாசை செய்கிறாளாம்.

ஒருநாள் பாத்திரம் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "ஏன்க்கா, போட்டி இல்லாத மாசத்துல அவனுக்கு ஒரு தும்மல்கூட வர்றதில்லையே, கவனிச்சீங்களா?"

பதற்றம் வந்தால் சிலருக்கு உடம்பு படுத்தும் என்றேன்.

"இருக்கலாம். ஆனா பயிற்சி அறையில அவன் சும்மா, நல்லா இருக்கும்போது ஆடினதை நான் பாத்திருக்கேன். மேடையில ஆடுறதைவிட அது நல்லா இருக்கு."

இரண்டு பருவம் ஆட்டம் பார்த்துவிட்டு அவள் எனக்கு என் தம்பியைப் பற்றிச் சொல்கிறாள். பயிற்சி அறையில் யார் வேண்டுமானாலும் ஆடலாம், மேடம். நானே ஆடியிருக்கிறேன்.

பெரிய இறுதிப்போட்டி வந்தது. அதைவிடப் பெரிய போட்டி அந்த விளையாட்டில் இல்லை. முந்தின நாளே ஆடுகிறவர்களை எல்லாம் விடுதியில் தங்கவைத்துவிட்டார்கள். நான் சூப்பைப் பிளாஸ்க்கில் ஊற்றி அவன் அறைவரை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவன் மேடைக்கு வந்தபோது தோளில் கம்பளி இல்லை.

கூட்டத்துக்குக் கையாட்டினான். எதிரே இருந்தவனிடம் என்னவோ சொல்லிச் சிரிக்கவைத்தான். போச்சு என்று நினைத்தேன். அவன் முதலில் இறக்கியது எதைத் தெரியுமா? மலைமந்தனை. அந்தச் சோம்பேறியை இறுதிப்போட்டியில் யாரும் இறக்கமாட்டார்கள். அரங்கே சிரித்தது. தம்பி அதற்குக் குணமாற்று என்கிற வித்தையைப் புகட்டி வைத்திருந்தான். தன் குணத்தை எதிரிக்குக் கொடுத்துவிட்டு எதிரியின் குணத்தைத் தான் எடுத்துக்கொள்ளும் வித்தை. நான் அதை எப்போதும் மட்டமாகப் பேசுவேன். ஒரு சுற்று வீணாகிவிடும், அதற்குள் எதிரி அடித்துச் சாய்த்துவிடுவான், குணத்தை மாற்ற நினைப்பதெல்லாம் ஏமாளி வேலை என்று அவனிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். எதிரி அடித்தான். மலைமந்தன் தாக்குப்பிடித்தது. சோம்பல் அந்தப் பக்கம் போய்விட்டது. எதிரியின் பிராணி உட்கார்ந்து காதைக் குடைய, மலைமந்தன் எழுந்து நின்று அடித்தது. மறுபடியும் அடித்தது. அது ஓயாமல் அடிப்பதை நான் அன்றுதான் பார்த்தேன்.

அவன் ஜெயித்துவிட்டான்.

மேடையிலிருந்து இறங்கி என்னிடம்தான் முதலில் வந்தான். அதைச் சொல்ல வேண்டும். கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டான். குளிர்ந்திருந்தது.

"பாத்தியாக்கா, உடம்புக்கு ஒண்ணுமே இல்ல. காய்ச்சல் வந்தாத்தான் ஜெயிப்பேன்னு நானே நம்பிட்டிருந்தேன்" என்றான்.

சூப் குடித்தாயா என்று கேட்டேன்.

"கோச்சுக்காத. விடுதியில ஆடுற பசங்க எல்லாரும் சேந்து சாப்பிட்டோம். பசியே இல்ல, அதான் கொட்டிட்டேன்."

அவன் பின்னால் அந்தப் பெண் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தேகமாக இல்லை. பாவமாகப் பார்த்தாள். அதுதான் தாங்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் வைத்து மீதியைச் சொன்னான். இனிமேல் போட்டிக்குப் போகப் போவதில்லை. விளையாட்டைத் தயாரிக்கிறவர்களே வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். புதுப் பிராணிகளுக்கு என்ன குணம் கொடுக்கலாம் என்று யோசிக்கிற வேலை. வேறு ஊர். அவளும் அங்கேதான் வருகிறாள். அடுத்த வாரமே கிளம்ப வேண்டும். "நீயும் அப்பப்ப வந்துட்டுப் போக்கா" என்றான். அப்பப்ப. நான் தலைகீழாகப் பாடம் வைத்திருந்த எல்லாவற்றையும் அவன் விரலில் ஏற்றினேன். அந்த விரலால் அவன் எனக்கு ஒரு டாட்டா காட்டுகிறான்.

சந்தோஷம் என்றேன். பசிக்கிறதா என்று கேட்டேன்.

நான் எதையும் மறைக்கவில்லை, மேடம். அடுப்பை மூட்டினேன், சூப் வைத்தேன். ஆய்வுக்கூடத்திலிருந்து கொண்டுவந்து வைத்திருந்ததில் மிச்சமிருந்தது. எப்போதும் போடுவதைப் போடவில்லை. இருந்த அத்தனையும் போட்டேன். அடுத்த போட்டி வந்தால் எவ்வளவு தேவைப்படும் என்று பார்ப்பதற்காகச் செய்தேன் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். நீங்கள் அப்போது தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தீர்கள். அடுத்த போட்டி என்று ஒன்று இல்லை. அவன் அதைச் சொல்லிமுடித்தபிறகுதான் நான் அடுப்பைப் பற்றவைத்தேன்.

அவனுக்குப் பசி இல்லை. வெளியில் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தான். முந்தின நாள் கொட்டியதற்காக என் முகம் வாடியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கி, நான் பார்க்க, அடிவரை குடித்தான். நல்லா இருக்குக்கா என்றான். இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக் குடித்தான்.

இதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். இந்தமுறை காய்ச்சல் ஏறிய வேகம் நான் நினைத்ததுபோல் இல்லை. நான்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன், கொஞ்சம் தாமதமாக. அந்தத் தாமதத்தில் அவன் என் மடியில் கிடந்தான், அக்கா, அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான், நான் இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டதாக உங்கள் மருத்துவர் சொன்னார். இனி இயந்திரத்தின் தயவில்தான் இருக்க வேண்டுமாம். வேறு ஊர், புது வேலை எல்லாம் முடியாது என்றும் சொன்னார். கேட்டுக்கொண்டேன். அதற்கெல்லாம் பக்கத்தில் ஒரு ஆள் இருந்தே ஆக வேண்டும். அந்தப் பெண் எத்தனை நாளைக்கு உட்கார்ந்திருப்பாள்? வாய்ப்பேச்சு வேறு, நோயாளியைப் பார்த்துக்கொள்வது வேறு. எந்தப் பக்கம் திருப்பிப் படுக்கவைத்தால் அவனுக்குத் தூக்கம் வரும் என்று அவளுக்குத் தெரியுமா?

எங்கே கையெழுத்துப் போடச் சொல்கிறீர்களோ அங்கே போடுகிறேன். நான்தான் செய்தேன். எல்லாத் தடவையும் நான்தான்.

என்னைப் பார்க்க விருப்பமில்லை என்று அவன் சொன்னதாகச் சொன்னீர்கள். கண்ணைத் திறந்து, நிதானமாக, யாரும் தூண்டாமல் சொன்னானாம். சொல்லியிருப்பான். உடம்பு தேறும்போதெல்லாம் அவன் யாரோ மாதிரிதான் பேசுவான். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, நீங்களும் எடுத்துக்கொள்ள வேண்டாம். திரும்பக் காய்ச்சல் வந்தால் மட்டும் எனக்கு ஆள் அனுப்புங்கள், மேடம். அப்போது அவன் என்னைத்தான் கேட்பான்.